ஆகஸ்டில் பச்சையாகிவிடும்

ஐதா நாற்பதாவது மரத்தில் ஆரஞ்சு வண்ணத்தைப் பீய்ச்சினாள். மெங்கியா அதையும் நோட்டில் ஏற்றினாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டு வந்திருந்தாள்: மரத்தின் எண், உயரம், புண் கிளையிலா தண்டிலா. நாற்பதில் முப்பத்தொன்றுக்குத் தண்டு என்று எழுதியாகிவிட்டது.

ஜூன் முதல் வாரம். லார்ச் மரங்கள் புது ஊசியிலை விட்டுச் சரிவு முழுக்க இளம்பச்சையாக நிற்க வேண்டிய நேரம். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் அப்படித்தான் நின்றது. இந்தப் பக்கம், இவர்கள் வீட்டுக்கு மேலே, துருப்பிடித்த தகரத்தின் நிறம்.

"அத்தை, இங்க வாங்க. இதைக் கிட்டப் பாருங்க" என்றாள் ஐதா. அவள் அந்த வட்டத்தின் வன அலுவலர். முப்பத்திரண்டு வயது, பக்கத்து ஊர்ப் பெண். கத்தி முனையால் பட்டையைக் கொஞ்சம் சீவிக் காட்டினாள். உள்ளே ஈரமும் வெளுப்புமாக இருக்க வேண்டிய இடம் பழுப்பாக இருந்தது. தண்டில் ஒரு பக்கம் உள்வாங்கிக் குழிந்து, அதிலிருந்து பிசின் மெழுகுவர்த்தி உருகின மாதிரி வழிந்து காய்ந்திருந்தது. குழியின் ஓரத்தில் கடுகைவிடக் கொஞ்சம் பெரியதாக, வெள்ளை விளிம்பு கட்டிய ஆரஞ்சுக் கிண்ணங்கள்.

"பார்க்க அழகாத்தான் இருக்கு" என்றாள் மெங்கியா.

"அழகாத்தான் இருக்கும். பூஞ்சை அது. மழை பெய்யிற அன்னிக்கு ஒவ்வொரு கிண்ணத்துலேர்ந்தும் வித்து கிளம்பிப் பக்கத்து மரத்துக்குப் போகும். உறைபனி பட்ட காயமோ, மான் கொம்பை உரசின காயமோ, ஒரு சின்ன வழி கிடைச்சாப் போதும்."

"தண்டுல வந்துட்டா?"

"சுத்தி வளைச்சிடுச்சுன்னா மேல தண்ணி ஏறாது. அவ்வளவுதான். கிளையில மட்டும்னா வெட்டலாம். காஞ்ச நாளாப் பார்த்து, புண்ணுக்கு ஒரு சாண் உள்ள தள்ளி வெட்டி, வெட்டினதை அங்கேயே கொளுத்திடணும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சாராயத்துல துடைக்கணும்."

மெங்கியா அதை அப்படியே கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது ஐதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஐதாவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் இருவரும் பேசிய பேச்சு இருவருக்கும் நினைவிருந்தது.

மாலை நான்கு மணிக்கு எண்ணி முடித்தார்கள். நட்டது ஆயிரத்து நூறு. நிற்பது தொள்ளாயிரத்து எழுபத்தாறு. வண்ணம் விழுந்தவை எழுநூற்று எழுபது. மேல்கோடியில் பாறை ஒட்டிய நிலப்பட்டையில் மட்டும் இருநூறு மரம்போல, புண் கிளையில் இருப்பவை அல்லது இன்னும் புண்ணே வராதவை.

"இந்த எண்ணை நான் மறைக்க முடியாது அத்தை."

"யாரு மறைக்கச் சொன்னா?"

கீழே மரங்களுக்கு இடையில் வீட்டின் கல்கூரை தெரிந்தது. அதற்குள் மெங்கியாவின் தம்பி ஃபாத்ரி மாலைப் பால் கறக்க ஆயத்தமாகிக்கொண்டிருப்பான். பதினோரு மாடு, ஆறு ஆடு, கல்யாணம் செய்துகொள்ளாத அக்காவும் தம்பியும். அவர்கள் வீட்டுக்கு மேலே வேறு வீடு இல்லை. சரிவுதான் இருந்தது, அதற்கும் மேலே பனி.

இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில், ஐந்து நாள் விடாமல் பெய்த பனி மொத்தமாக இறங்கியது. மேலே நின்றிருந்த பழைய காட்டை அடியோடு வாரிக்கொண்டு வந்து, வைக்கோல் கொட்டகையை நசுக்கி, சமையலறைச் சுவருக்கு நாற்பது அடி தள்ளி நின்றது. ஃபாத்ரி மறுநாள் நாடா பிடித்து அளந்தான். நாற்பத்தோரு அடி. அன்றிலிருந்து ஊராட்சி அலுவலகத்தின் பனிச்சரிவு வரைபடத்தில் அவர்கள் வீடு சிவப்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. சிவப்புக்குள் போய்விட்டால் டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் முடிய அங்கே மனிதரும் இருக்கக்கூடாது, மாடும் இருக்கக்கூடாது. குளிர்காலத்துக்குத் தொழுவம் இல்லாமல் அந்த உயரத்தில் யாரும் மாடு வளர்க்க முடியாது.

ஊராட்சி ஒரு நிபந்தனையோடு விட்டுவைத்தது. சரிவில் குறுக்குக் குறுக்காக மரச்சட்டம் அடித்துப் பனியைத் தடுத்து நிறுத்துவது. சட்டம் முப்பது வருடத்தில் உளுத்துவிடும். அதற்குள் இடையிடையே நட்ட லார்ச் வளர்ந்து அந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் வந்து பார்ப்பார்கள். மரம் சரியாக வளர்ந்தால் வீடு இருக்கும்.

கன்றுகள் கீழ்நாட்டிலிருந்து வந்தன. அந்த வருடம் மலைப் பண்ணைகளில் கன்று தீர்ந்துபோயிருந்தது. நகரத்துச் சங்கம் ஒன்று இரக்கப்பட்டு லாரி நிறைய அனுப்பிவைத்தது. முதுகுக்கூடையில் ஐம்பது ஐம்பதாக வைத்து மெங்கியாவும் ஃபாத்ரியும் மேலே சுமந்தார்கள். கன்றைச் சுற்றிப் புல்லை வெட்டினார்கள், லார்ச்சுக்கு நிழல் ஆகாது என்பதற்காக. பனி சறுக்கிச் சாய்த்த கன்றுகளை வசந்தத்தில் ஒவ்வொன்றாக நிமிர்த்தி முளைக்குச்சி கொடுத்துக் கட்டினார்கள். மான் வராமல் வேலி போட்டார்கள். மூன்றாம் வருடமே கன்று இடுப்பளவு வந்தது. மலைக் கன்று முழங்காலுக்கு வர ஐந்து வருடம் எடுத்துக்கொள்ளும். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

"சீக்கிரம் வளர்ந்ததுதான் கோளாறு" என்று ஐதா பின்னால் சொன்னாள். கீழ்நாட்டு மரத்துக்குக் கீழ்நாட்டுப் பழக்கம். ஏப்ரலில் கொஞ்சம் வெயில் அடித்ததும் மொட்டு விட்டுவிடும். மே மாதம் இங்கே உறைபனி விழுவது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு மே மாதமும் அது காயம் பட்டுக்கொண்டே வளர்ந்தது. அதிலும் சரிவின் நடுவில் இருந்த பள்ளத்தில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். நோய் முதலில் கால் வைத்தது அங்கேதான்.

கால் வைத்தபோது பன்னிரண்டே மரம்.

அது பூச்சி வந்த வருடம். எங்கடின் என்ற இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு லார்ச் மொட்டுப்பூச்சியைத் தெரியாமல் இருக்காது. எட்டு ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை கறுத்த சின்னப் புழுக்கள் ஊசியிலையைத் தின்று நூல் கட்டும். ஜூலையில் மலை முழுக்கச் செத்துப்போன மாதிரி செம்பழுப்பாகும். புழு மண்ணுக்குள் இறங்கிய பிறகு ஆகஸ்டில் மரம் இரண்டாம் முறை துளிர்க்கும். மருந்து வேண்டாம், கோடரி வேண்டாம், வெறுமனே காத்திருந்தால் போதும். மெங்கியா சிறுபெண்ணாக ஒருமுறையும் இருபது வயதில் ஒருமுறையும் அதை முழுசாகப் பார்த்தவள். அப்புறம் என்னவோ வெகுகாலம் பூச்சி சரியாக வரவில்லை. குளிர் குறைந்தது, பனி தாமதமாக விழுந்தது, பனியாறு மேலே மேலே ஒதுங்கிப்போனது, பூச்சிகூட முறை தப்பிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே நான்கு வருடத்துக்கு முன் ஜூலையில் எதிர்மலை சிவந்தபோது மெங்கியாவுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. "வந்துடுச்சு பாருடா" என்று தம்பியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். ஏதோ ஒன்றாவது பழைய கணக்குப்படி நடக்கிறது என்று ஒரு நிம்மதி. வெளியூர் நடைப்பயணிகள் பதறிப்போய் வீட்டுக் கதவைத் தட்டி, காடு சாகிறதே, யாரிடம் புகார் சொல்வது என்று கேட்டார்கள். மெங்கியா ஒரு பலகையில் 'மரங்கள் சாகவில்லை. ஆகஸ்டில் வந்து பாருங்கள்' என்று எழுதிப் பாதையோரத்தில் மாட்டினாள்.

அந்த வாரத்தில்தான் ஐதா முதன்முறையாக வந்தாள். வேலையில் சேர்ந்து நான்கு மாதம். ஃபாத்ரி மேய்ச்சல் நிலத்தில் இருந்தான்.

"அத்தை, உங்க பள்ளத்துல பன்னிரண்டு மரம் எனக்குச் சரியாப் படல. எடுத்துக் கொளுத்திடலாம். உங்க நிலம், நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நான் ஆள் கூட்டிட்டு வர முடியும்."

"பூச்சிம்மா அது. மலையே அப்படித்தானே இருக்கு, கண்ணு தெரியலையா உனக்கு?"

"பூச்சியும் இருக்கு. ஆனா அந்தப் பன்னிரண்டுல பிசின் வடியுது. பூச்சிக்குப் பிசின் வடியாது."

"படிச்சிட்டு வந்தா இப்படித்தான் இருக்கும். நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் ரெண்டு தடவை பார்த்தவ. ஆகஸ்ட்ல பச்சையாயிடும். பச்சையாகிற மரத்தை வெட்டினவங்கன்னு எங்களை ஊர் சிரிக்கணுமா?"

"சும்மா ஒருதரம் ஏறி வந்து பாருங்க. அரைமணி நேரம்தான்."

"வைக்கோல் காயுது, எனக்கு நேரமில்ல."

ஐதா ஒரு தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மெங்கியா அதை மடித்து இழுப்பறையில் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தாள். வேண்டுமென்று மறைக்கவில்லை. தம்பியிடம் சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் மலை பச்சையானது. அந்தப் பன்னிரண்டு மரங்களும் பள்ளத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்தன. கீழிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. மெங்கியா ஊர்க்கடையில் ஐதாவைப் பார்த்தபோது, நாலு பேர் காதுபட, "என்ன வன அலுவலரே, என் மரமெல்லாம் செத்துருச்சா?" என்று கேட்டாள். கடைக்காரி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். ஐதா முகம் சிவந்து, ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த வருடம் பள்ளத்தில் கொஞ்சம் பழுப்பு. பூச்சி தின்ற களைப்பு, தேறிவிடும் என்றாள் மெங்கியா. அதற்கடுத்த வருடம் பழுப்பு பள்ளத்தைத் தாண்டிக் கிழக்கே வந்தது. வறட்சி என்றான் ஃபாத்ரி. அந்த வருடம் வறட்சியும் இருந்தது. மூன்றாம் வருடம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த வருடம் ஐந்தாண்டுப் பார்வைக்கு முன்னேற்பாடாக எண்ணச் சொல்லி ஐதாவுக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

எண்ணிய மறுவாரம் ஊராட்சித் தலைவர் ஓதின் நேரிலேயே வந்தார். ஃபாத்ரியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்தார்.

"செப்டம்பர் பதினைஞ்சு ஆட்கள் வர்றாங்க. மேல்பட்டை இருநூறாவது நல்லபடியா நின்னா, சட்டமும் இன்னும் தாங்குது, அஞ்சு வருஷம் தள்ளிப்போடச் சொல்லி நான் பேசிப் பார்க்கிறேன். அதுக்கும் குறைஞ்சா என் கையில ஒண்ணுமில்ல."

"பேசிப் பாரேன்" என்றான் ஃபாத்ரி. "பள்ளிக்கூடத்துல என் கணக்கைப் பார்த்து எழுதினியே, அதுக்காவது பேசு."

"உன் கணக்கைப் பார்த்து எழுதித்தான் நான் ஃபெயிலானேன்."

"அப்ப நிச்சயமா நீ எனக்குக் கடமைப்பட்டவன்."

ஓதின் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "முடியலன்னா, இந்த டிசம்பர்லேர்ந்தே சிவப்பு. நான் போட்ட கோடு இல்லப்பா அது."

"அக்காகிட்ட நீயே சொல்லு. அவ எதிர்லதான் உட்கார்ந்திருக்கா."

மெங்கியா, "காதுல விழுந்தது. காப்பி எடுத்துக்க ஓதின், ஆறுது" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த இருநூறு மரம்தான் உலகம். சரியாக எண்ணினால் இருநூற்று ஆறு. ஒவ்வொன்றுக்கும் தகர வில்லையில் எண் அடித்துக் கம்பியால் கட்டினாள். விடிந்ததும் பால் வேலையை முடித்துவிட்டு ஏணி, கைரம்பம், சாராயப் புட்டி, துணி எல்லாம் கட்டிக்கொண்டு ஏறுவாள். காய்ந்த நாளில் மட்டும். புண்ணிலிருந்து ஒரு சாண் உள்ளே அளந்து வெட்டுவாள். ரம்பத்தைத் துடைப்பாள். வெட்டியதைக் கோணியில் போட்டு, தரையில் ஒரு ஊசியிலைகூடச் சிந்தாமல் பாறை மேல் வைத்துக் கொளுத்துவாள். காற்று ஓட வேண்டும் என்று ஐதா சொன்னதற்காக அடிக்கிளைகளைக் கழித்தாள். புல்லை அரிவாளால் அறுத்தாள். மான் வந்து உரசாமல் வேலியை மறுபடி இழுத்துக் கட்டினாள். இரவு உணவுக்குப் பிறகு நோட்டில் தேதி போட்டு எழுதுவாள்: எண் 17, இரண்டு கிளை எடுத்தது, தண்டு சுத்தம். எண் 18, சுத்தம். எண் 19, சந்தேகம்.

வைக்கோல் வேலை முழுக்கத் தம்பி தலையில் விழுந்தது. "அக்கா, மரத்துக்குச் சவரம் பண்ணி முடிஞ்சா எனக்கும் ஒரு கை பார்த்துவிடு. நானும் மூணு வாரமாக் காடாக் கிடக்கேன்" என்றான். சொல்லிவிட்டு அவள் சுமக்கும் கோணியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

ஜூன் முடிவில் ஐதா வந்து பார்த்தாள். ஒவ்வொரு வெட்டாக விரலால் தடவிப் பார்த்தாள். "நான் செஞ்சாக்கூட இவ்வளவு சுத்தமா வராது அத்தை" என்றாள்.

"தாங்குமா?"

"ஜூலை காய்ஞ்சா தாங்கலாம்."

ஜூலை காயவில்லை. இரண்டாம் தேதி பிடித்த மழை இருபத்தாறாம் தேதி வரை விட்டு விட்டுப் பெய்தது. மெங்கியா ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் வெட்டக்கூடாது. வெட்டிய வாயில்தான் வித்து வந்து உட்காரும். ஏற்கெனவே இருநூற்று ஆறு மரத்திலும் அவளே வெட்டிவைத்த வாய்கள் திறந்துகிடந்தன. கீழே வண்ணம் பூசிய எழுநூற்று எழுபது மரமும் வெட்டுவதற்கு ஆளில்லாமல் அப்படியே நின்றன. அறுவடை முடியட்டும் என்று ஊராட்சி ஒத்திப்போட்டிருந்தது. மழையில் அந்த ஆரஞ்சுக் கிண்ணங்கள் நன்றாக விரிந்திருக்கும். காற்று எப்போதும்போல் கீழிருந்து மேலே ஏறியது.

மழை விட்ட முதல் நாள் ஏறினாள். முதல் பத்து மரத்திலேயே தெரிந்துவிட்டது. வெட்டிய இடத்தைச் சுற்றிப் பட்டை மெல்ல உள்வாங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் ஓரத்தில் பிசின் முத்து துளிர்த்தது. எண் 17, தண்டு. எண் 18, தண்டு. ஐம்பதாவது மரத்துக்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, எண்ணிக்கையை மட்டும் வாயால் சொல்லிக்கொண்டே போனாள். பாறை வந்ததும் அதன்மேல் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மதியத்துக்கு மேல் ஃபாத்ரி தேடிக்கொண்டு வந்தான்.

"எத்தனை?" என்று கேட்டான்.

"சுத்தமா இருக்கிறது நாற்பத்தொண்ணு."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி வந்தவர்கள் மூன்று பேர். மரியாதையானவர்கள். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்து, மரச்சட்டங்களைச் சுத்தியால் தட்டிப் பார்த்து, மெங்கியாவின் நோட்டை வாங்கிப் புரட்டி, மிக நன்றாகப் பராமரித்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். பத்து நாளில் கடிதம் வந்தது. நோயுற்ற மரங்கள் அனைத்தையும் அக்டோபர் முடிவுக்குள் வெட்டி அங்கேயே எரிக்க வேண்டும். ஊராட்சி அடுத்த வசந்தத்தில் மலைவிதையில் வளர்த்த லார்ச்சும் வேறு இரண்டு மூன்று வகை மரமும் கலந்து, பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டில் மட்டும் சிறு சிறு கூட்டமாக நடும். அவை பனியைத் தாங்கும் பருவத்துக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆகலாம். அதுவரை வீடு சிவப்பு.

மெங்கியாவுக்கு அறுபத்தொன்று. ஃபாத்ரிக்கு ஐம்பத்தேழு. இருவரும் அந்த நாற்பதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

ஊராட்சி ஆட்கள் நான்கு பேர் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொண்டார்கள். மேல்பட்டையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஃபாத்ரி சொல்லிவிட்டான். அவன் இயந்திர ரம்பத்தால் வெட்டித் துண்டு போட, மெங்கியா இழுத்து வந்து நெருப்பில் போட்டாள். லார்ச் பச்சையாக இருக்கும்போதே பிசினால் பிடித்துக்கொண்டு எரியும். நாலாம் நாள் மதியம் ரம்பத்தை அணைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பிளாஸ்கில் பார்லிக் கஞ்சி, காய்ந்த இறைச்சி, ரொட்டி.

"கீழ்நாட்டுக் கன்றுதான் காரணம்னு சொல்லிக்கிறாங்க. அவங்களை என்ன கேட்கிறது, தானமாக் கொடுத்தவங்க" என்றான் ஃபாத்ரி. "நான் கேட்கிறது இந்தப் பொண்ணைத்தான். நாலு வருஷமா இந்த வட்டத்துல சம்பளம் வாங்குறா. முதல்லயே வந்து பார்த்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஓதின்கிட்டச் சொல்லிட்டேன். அவனும் மேல எழுதிப்போடறேன்னான்."

மெங்கியா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அவ வந்தா."

"எப்ப?"

"பூச்சி வந்த வருஷம். நீ மேய்ச்சல்ல இருந்தே. பள்ளத்துல பன்னிரண்டு மரத்தை எடுக்கணும், கையெழுத்துப் போடுங்கன்னு கேட்டா. நான் முடியாதுன்னுட்டேன்."

ஃபாத்ரி கரண்டியைக் கஞ்சிக்குள் விட்டபடி இருந்தான்.

"ஏறி வந்து பாருங்கன்னும் கேட்டா. வைக்கோல் காயுதுன்னேன். ஆகஸ்ட்ல பச்சையாயிடும்னேன். அப்புறம் கடையில வெச்சு அவளைக் கிண்டல் பண்ணினேன்."

"பன்னிரண்டு மரமா?"

"பன்னிரண்டு."

"ஒரு நாள் வேலை" என்றான். கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு நாள்கூட இல்ல. காலையில ஆரம்பிச்சா மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கும்" என்றான்.

"ஆமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ற அளவுக்கு விஷயமாத் தெரியல. தெரிஞ்சப்புறம் சொல்ல வாய் வரல."

அவன் மிச்சக் கஞ்சியைப் புல்லில் கொட்டினான். பிளாஸ்கை மூடிப் பையில் வைத்தான். "ஓதின்கிட்ட நீயே போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ரம்பத்தை இழுத்தான். அன்று மாலை வரை ரம்பம் ஓயவில்லை. எண்ணெய் ஊற்றக்கூட அவளைக் கூப்பிடவில்லை. நாற்பத்தொரு நல்ல மரங்களில் ஒன்றையும் தெரியாமல் வெட்டிவிட்டான். வெட்டிய பிறகுதான் அதில் வண்ணம் இல்லாததைப் பார்த்தான். அதையும் நெருப்பில் இழுத்துப் போட்டான்.

மறுநாள் மெங்கியா ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். இழுப்பறையில் இருந்த தாளையும் எடுத்துக்கொண்டாள். ஓதின் அதைப் படித்தார். தேதியைப் பார்த்தார்.

"இதனால கோடு மாறாது அக்கா."

"கோட்டுக்காக வரல. அந்தப் பொண்ணு பேர்ல நீ எழுதியிருக்கிறதைத் திருப்பி எடு. தப்பு யாருதுன்னு அதுலயே தேதியோட இருக்கு."

"அவ இதைப் பத்தி ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலையே. நான் கேட்டப்பக்கூட, காலத்துல கவனிக்கலன்னு மட்டும்தான் சொன்னா."

மெங்கியா எழுந்து வெளியே வந்தாள். திரும்பி வரும் வழியில் ஐதாவின் அலுவலகம். ஜன்னல் வழியாக அவள் ஏதோ எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. மெங்கியா படிவரை போனாள். என்ன வார்த்தை சொல்வது என்று நின்று யோசித்தாள். ஐதா நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து கதவைத் திறந்து, "உள்ள வாங்க அத்தை, குளிருது" என்றாள்.

"வேண்டாம்மா. மாட்டுக்கு நேரமாச்சு" என்று மெங்கியா சொன்னாள். மாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி மாடுகள் போயின. ஆறு கல் கீழே ஒரு பெரிய தொழுவத்துக்காரர் பதினொன்றையும், ஆறு ஆட்டையும் சேர்த்து, எடுத்துக்கொண்டார். கூடவே ஃபாத்ரியையும் பால்வேலைக்கு வைத்துக்கொண்டார். தங்க இடம் தொழுவத்துக்கு மேலேயே ஒரு அறை. மெங்கியாவுக்கு ஊருக்குள் அஞ்சலகத்துக்கு மேலே இரண்டு அறை. அக்காவும் தம்பியும் ஒரே இடமாகப் பார்க்கலாமே என்று ஓதின் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று இருவருமே சொன்னார்கள். இருவருமே பார்க்கவில்லை.

லாரியின் பின்கதவைத் தாழிட்டுவிட்டு ஃபாத்ரி முன்னால் ஏறினான். கண்ணாடியை இறக்கினான்.

"குழாய்த் தண்ணியை வடிச்சிட்டியா? இல்லன்னா உறைஞ்சு வெடிச்சிடும்."

"வடிச்சிட்டேன். தொழுவத்துக் குழாயையும்."

"மாடிக் குழாய்?"

"அதையும்."

வேறு ஏதாவது கேட்பான் என்று அவள் நின்றாள். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். லாரி வளைவில் திரும்பும் வரை உள்ளேயிருந்து ஒரு மாடு கத்திக்கொண்டே போனது.

மெங்கியா உள்ளே போய் ஜன்னல் பலகைகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். அடுப்பில் சாம்பலை வாரி வாளியில் போட்டாள். மே மாதம் திரும்பலாம் என்று கடிதத்தில் இருந்தது. காலித் தொழுவத்துக்கு மே மாதம் வந்து என்ன செய்வது என்று அதில் இல்லை. சாவியை மாலைக்குள் ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தாள்.

பிறகு திரும்பி மேலே பார்த்தாள். பதினைந்து வருடமாக வாசலில் நின்றால் மரம்தான் தெரியும். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பத்தடி விலகிப் போக வேண்டும். இப்போது, பாறையோரம் மிஞ்சிய நாற்பது மரங்களை விட்டால், வெட்டுக்கட்டைகளும் கரி வட்டங்களும் சாம்பல் நிறச் சட்டங்களும் தாண்டி, பார்வை தடையில்லாமல் நேரே முகடு வரை போனது. அங்கே காற்று ஏற்கெனவே பனியைக் கூட்டி ஓரமாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. வாசற்படியிலிருந்து அது வரைக்கும் இடையில் ஒன்றுமே இல்லை.